கம்பி போட்ட கால்: யாழ்ப்பாணத்தில் மலிவான வெளிச்சட்டகம்

முறிந்த எலும்பின் மேல்துண்டிலும் கீழ்த்துண்டிலும் தோலுக்கு வெளியேயிருந்து உருக்கு ஆணிகளை முடுக்கி, வெளியே நீட்டிநிற்கும் முனைகளை ஒரு தண்டோடு பிடிகளால் இறுக்கிவிட்டால் எலும்பு அசையாமல் நிற்கும். இதுதான் வெளிச்சட்டகம். வைத்தியசாலை விடுதியில் இதற்குப் பெயர் பிக்சேற்றர். நோயாளியின் வீட்டில் வெறும் கம்பி. ஆணி, பிடி, தண்டு என்று மூன்றே உறுப்புகள். சத்திரசிகிச்சைக் கருவிகளில் இதைவிட எளிமையானவை அதிகமில்லை. இருந்தும் மேலைநாட்டு நிறுவனம் ஒன்றின் முழுத்தொகுதிக்கு விலை கேட்டால், அது ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத உழைப்பைத் தாண்டிப் போகும்.

சட்டகம் எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். கிழிந்த சதையும் தோலும் ஆறும்வரை எலும்பை நேராகவும் நீளம் குறையாமலும் வைத்திருப்பதே சட்டகத்தின் கடமை. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் எப்போது அதைப் போடவேண்டும், எப்போது கழற்றவேண்டும், எங்கே செலவைக் குறைக்கலாம், எங்கே குறைக்கக்கூடாது என்பதெல்லாம் தானாகத் தெளியும்.

சட்டகம் அதிகம் தேவைப்படுவது கீழ்க்காலுக்கு. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கீழ்க்கால் எலும்பின் உட்புறத்தை மூடியிருப்பது தோல் மட்டுமே; இடையில் தசை கிடையாது. மோட்டார் சைக்கிள் சறுக்கினால் எலும்பு அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். குடாநாட்டு வீதிகளில் இன்று இதுவே பெரும்பாலான திறந்த முறிவுகளுக்குக் காரணம். பனையிலிருந்து விழும் சீவல் தொழிலாளருக்கு வேறு வகை: குதிகால் எலும்பு நொறுங்கும், கணுக்கால் மூட்டின் கூரை உடையும், சிலருக்கு முள்ளந்தண்டும் சேர்ந்து போகும். வலிகாமத்துத் தோட்டங்களில் விழுந்தவரின் காயத்தில் செம்மண்ணும் மாட்டெருவும் சேர்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட காயத்தில் ஏற்புவலித் தடுப்பூசியும் நுண்ணுயிர்கொல்லியும் ஆணியைவிட முந்தவேண்டும்.

இத்தகைய திறந்த முறிவுகளை 1976இல் கஸ்டிலோவும் அண்டர்சனும் மூன்று தரமாகப் பிரித்தார்கள். ஒரு சென்ரிமீற்றருக்குள் அடங்கும் சுத்தமான காயம் முதல் தரம். சதை நைந்து, மண் ஏறி, எலும்பு பல துண்டானது மூன்றாம் தரம். முதல் தரத்தைப் பிளாஸ்டர் கட்டிலேயே சமாளிக்கலாம். மூன்றாம் தரத்தில் பிளாஸ்டர் போட்டால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. வீக்கம் கூடினால் இரத்த ஓட்டம் தடைப்படும். புண் அழுகுவதை மணம் வந்த பிறகுதான் அறியமுடியும். உள்ளே தகடு வைத்துத் திருகினால் கிருமிக்குக் குடியிருக்க இடம் கொடுத்ததாகும். காயத்தைத் திறந்தபடி வைத்துக் கழுவவும், தோல் ஒட்டவும், அதே நேரத்தில் எலும்பை அசையாமல் பிடிக்கவும் வழிவிடுவது வெளிச்சட்டகம்தான்.

எண்ணம் பழையது. தோல்வளையங்களுக்கிடையே வளையும் மரக்குச்சிகளைச் செருகிக் கீழ்க்காலை நீட்டிவைக்கும் முறையை ஹிப்போகிறட்டீசு எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மல்கேன் இரும்புக் கொக்கியால் முழங்காற் சில்லைப் பிடித்தார். இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் இட்டவர்கள் அமெரிக்காவின் பார்க்ஹில்லும், 1902இல் பெல்ஜியத்தின் லம்போட்டும். 1938இல் ஜெனீவாவின் ஹொஃப்மன், எல்லாத் திசையிலும் திருப்பி இறுக்கக்கூடிய பிடியைக் கொண்டுவந்தார். சைபீரியாவின் குர்கன் நகரில் 1950களின் தொடக்கத்தில் இலிசரோவ் வளையச் சட்டகத்தை உருவாக்கியபோது, முதல் மாதிரிக்குச் சைக்கிள் உதிரிப்பாகங்களைப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். வசதியில்லாத ஊரில் பிறந்த கருவி அது. பிறகுதான் விலை ஏறியது.

யாழ்ப்பாணத்தில் முறிவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பரியாரியார்தான். முறிவு நெரிவு வைத்தியத்துக்கு ஒட்டகப்புலம் பேர்போனது. தோல் கிழியாத முறிவை இழுத்து நேராக்கி, பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களை இளக்காரமாகப் பேசுவதில் பயனில்லை. மூடிய முறிவுகளில் கணிசமானவை அப்படியே பொருந்தியிருக்கின்றன. திறந்த முறிவுதான் அந்த வைத்தியத்தின் எல்லை. மேலைச் சத்திரசிகிச்சையும் இங்கே நேற்று வந்ததல்ல. 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன் 1867இலேயே இரணவைத்தியம் என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது.

போர்க்காலம் எல்லாவற்றையும் மாற்றியது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருள்களும் அனுமதி பெற்றே வரவேண்டும். அதே ஆண்டில் யாழ் போதனா வைத்தியசாலை செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பில் வந்தது. பருத்தித்துறையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் அறுவையாளர்கள் வேலை செய்தார்கள். ஷெல் துண்டும் மிதிவெடியும் கொண்டுவந்த கால்கள் நெருக்கடியான விடுதிகளை நிரப்பின. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, ஜாம் போத்தலில் சிக்கன விளக்குச் செய்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சமூகம் அது. கையில் இருப்பதை வைத்துக் காரியம் பார்க்கும் அந்தப் பழக்கம் மலிவான மருத்துவத்துக்கு மிகப் பெரிய மூலதனம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் வைத்தியசாலைகள் சத்திரசிகிச்சைப் பொருள்களுக்குத் திண்டாடியபோது, தெற்குக்கும் அந்தப் பாடம் புதிதாகத் தேவைப்பட்டது.

போர்க்காய மருத்துவத்தின் விதிகள் கடுமையானவை, ஆனால் சுருக்கமானவை. இறந்த சதையை வெட்டி அகற்று, காயத்தைத் தைக்காதே, நான்கைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் மூடு. எலும்புக்குப் பிளாஸ்டர், இழுவை, வெளிச்சட்டகம் மூன்றில் ஒன்று. தொடை எலும்பு முறிவுக்குக் கட்டிலில் படுக்கவைத்து எடை தொங்கவிடும் இழுவையே இன்றும் மலிவு. பிள்ளைகளுக்கு அதுவே சிறப்பு. எல்லா முறிவுக்கும் சட்டகம் போடுவது பணக்கார நாட்டு ஆசை. பெரிய சதைக்காயம், இரத்தக்குழாய் தைத்த கால், எரிகாயத்தோடு வந்த முறிவு, ஒரே ஆளுக்குப் பல முறிவு ஆகியவையே அதற்கு உரிய இடங்கள். நெடுந்தீவு போன்ற இடத்திலிருந்து படகில் குறிகட்டுவானுக்கும் அங்கிருந்து வாகனத்தில் நகரத்துக்கும் வரவேண்டிய நோயாளிக்கு மட்டையே போதும். ஆனால் நகரத்திலிருந்து கொழும்புக்கோ வேறு நிலையத்துக்கோ சதை ஒட்டும் சிகிச்சைக்கு அனுப்பும்போது, சட்டகம் போட்ட கால் வழியில் நோகாது, குலையாது.

சட்டகத்தின் உறுதி விலையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஆணியின் வளையாத்தன்மை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 4 மில்லிமீற்றர் ஆணிக்குப் பதில் 5 மில்லிமீற்றர் போட்டால் உறுதி ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதற்காகத் தடித்துக்கொண்டே போகமுடியாது: துளை எலும்பின் விட்டத்தில் மூன்றிலொன்றைத் தாண்டினால் எலும்பு அந்த இடத்திலேயே முறியும். பெரியவரின் தொடைக்கும் கீழ்க்காலுக்கும் 5, மேற்கைக்கும் முன்கைக்கும் 4, விரலுக்கு அதைவிட மெல்லியது என்பது பொதுவழக்கு. அடுத்தது தண்டுக்கும் எலும்புக்கும் உள்ள தூரம். அந்தத் தூரம் பாதியானால் ஆணியின் வளைவு எட்டிலொன்றாகக் குறையும். வீக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி விட்டு, மீதியை நெருக்கவேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஆணி முறிவுக்கு அருகில், மற்றது முடிந்தவரை தூரத்தில். இன்னும் உறுதி வேண்டுமானால் முதல் தண்டின் மேல் இன்னொரு தண்டு. பளபளக்கும் விலையுயர்ந்த தொகுதியை இந்த விதிகளுக்கு மாறாகப் போட்டால் அது ஆடும். பட்டறையில் கடைந்த தொகுதியை விதிப்படி போட்டால் அது நிற்கும்.

அப்படியானால் பட்டறையில் எதைக் கடையலாம்? தண்டைத் தாராளமாக. உடலுக்கு வெளியே இருக்கும் தண்டுக்கும் பிடிக்கும் 304 இலக்கத் துருப்பிடிக்காத உருக்கு போதும். சமையற் பாத்திரத்தில் இருப்பது அந்தக் குடும்பம்தான். உடலுக்குள் போகும் ஆணி வேறு விடயம். இரத்தத்திலும் வியர்வையிலும் உள்ள உப்பு 304ஐ அரிக்கும். மொலிப்டினம் கலந்த 316எல் உருக்கே ஆணிக்கு உகந்தது. சான்றில்லாத கம்பியை வாங்கி ஆணி கடைவது சிக்கனமல்ல. பிடிதான் கடையக் கடினமான உறுப்பு. ஆணியையும் தண்டையும் ஒரே போல்ட்டில் நெரித்துப் பிடிக்கும் எளிய வடிவமே நல்லது. 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 10 மில்லிமீற்றர் ஸ்பானர் போதும். அது எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். வெளிநாட்டுத் தொகுதிகள் பலவற்றுக்குத் தனித்தனிச் சாவி. அந்தச் சாவி தொலைந்த நாளிலிருந்து முழுத்தொகுதியும் அலுமாரியில் தூங்கும். அன்பளிப்பாக வந்த கருவிகளின் கதை பெரும்பாலும் இதுதான். பிடியை அலுமினியத்தில் செய்தால் பாரம் குறையும், ஆனால் காரமான சவர்க்காரத்தில் ஊறப்போட்டால் அலுமினியம் அரிபடும். கழுவும் சிற்றூழியருக்கு இதை யாராவது சொல்லிவைக்கவேண்டும்.

பிடியே இல்லாமலும் செய்யலாம். ஆணிகளை நிறுத்தி, அவற்றின் முனைகளைப் பல் வைத்தியர் பயன்படுத்தும் அக்ரிலிக் குழம்பால் இணைப்பது ஒரு வழி. ஒரு பிளாஸ்திக் குழாயை ஆணிகளில் குத்திக் கோத்து, குழம்பை உள்ளே ஊற்றினால் தண்டும் பிடியும் ஒன்றாகிவிடும். இறுகும்போது சூடேறும், ஆகவே தோலின் மேல் ஈரத் துணி வைக்கவேண்டும். இறுகிய பிறகு கோணத்தைத் திருத்தமுடியாது, அறுத்துத்தான் எடுக்கவேண்டும். விரலுக்கும் கைக்கும் ஏற்ற முறை, தொடைக்கு ஏற்றதல்ல. மும்பையில் பி. பி. ஜோஷி உருவாக்கிய ஜெஸ் சட்டகம் மெல்லிய கம்பியும் சிறு இணைப்புகளும் கொண்டது. கை முறிவிலும், பிறவியிலேயே திரும்பிய பிள்ளைகளின் பாதத்திலும் அது பயன்பட்டது. இந்தியாவில் தயாராகும் உருக்குத் தொகுதிகள் மேலைநாட்டு விலையில் சிறு பகுதிக்குக் கிடைப்பதால், இன்று இலங்கை வைத்தியசாலை ஒன்றுக்கு உள்ளூர்ப் பட்டறை அவசரத்துக்கு மட்டும் போதும். ஆனால் உதிரிக்கும் திருத்தத்துக்கும் அது எப்போதும் வேண்டும்.

மலிவாக்குவதில் எல்லாவற்றையும்விடப் பெரியது மறுபயன்பாடு. தண்டும் பிடியும் கழுவி, பரிசோதித்து, 121 பாகை செல்சியசில் நீராவியில் தொற்றுநீக்கி மறுபடி போடலாம். ஒவ்வொரு முறையும் புரி தேய்ந்ததா, போல்ட்டுக் கழுத்தில் கீறல் விழுந்ததா என்று பார்க்கவேண்டும். ஆணியை மட்டும் எக்காரணம் கொண்டும் இன்னொருவருக்குப் போடக்கூடாது. முனை மழுங்கிய ஆணி எலும்பைச் சூடாக்கும், தொற்றும் கடத்தும். ஒரு தொகுதியைப் பத்துப் பேருக்குப் பயன்படுத்தும் விடுதிக்கு ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தேவைப்படுவது நான்கு ஆணிகள்தான்.

சூடு என்பது சிறிய விடயமல்ல. எலும்பு 47 பாகையில் ஒரு நிமிடம் இருந்தால் அந்த இடம் சாகும் என்பதை எரிக்சனும் அல்பிரெக்சனும் 1983இல் காட்டினார்கள். செத்த எலும்பில் ஆணி சில வாரத்தில் தளரும். தளர்ந்த ஆணியைச் சுற்றிச் சீழ் பிடிக்கும். மின்துளைப்பானை வேகமாக ஓட்டுவதைவிடக் கைத்துளைப்பானால் மெதுவாகத் துளைத்து, உப்புநீர் ஊற்றிக் குளிரவைத்து, ஆணியைக் கையால் முடுக்குவது மேல். மின்சாரம் இல்லாத சத்திரசிகிச்சைத் தியேட்டரில் இது கட்டாயம். மின்சாரம் உள்ள இடத்திலும் இதுவே நல்லது.

ஆணிக்கு முன் கழுவுதல். முதல் தரக் காயத்துக்கு 3 லீற்றர், இரண்டாம் தரத்துக்கு 6, மூன்றாம் தரத்துக்கு 9 என்று பழைய கணக்கு. சதை உயிருள்ளதா என்பதற்கு நிறம், உறுதி, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் இரத்தம் கசிகிறதா என்ற நான்கையும் பார்க்கவேண்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரும்பவும் திறந்து பார்ப்பது நல்ல வழக்கம். கீழ்க்காலில் ஆணி போக உகந்த பக்கம் முன்-உட்புறம். தசையோ நரம்போ குறுக்கே வராது. முழங்கால் மூட்டுக்கு மிக அருகே போட்டால் மூட்டுக்குள் சீழ் போகும்.

உடனுக்குடன் எக்ஸ்ரே காட்டும் இயந்திரம் இல்லாத இடத்தில் எலும்பை நேராக்குவதற்கு வழி உண்டு. இடுப்பெலும்பின் முன்முனை, முழங்காற் சில்லின் நடு, காலின் இரண்டாம் விரல் மூன்றும் ஒரே கோட்டில் வருகிறதா என்று மேசன் நூல்பிடிப்பதுபோல் ஒரு நூலைப் பிடித்துப் பார்க்கலாம். நல்ல காலைப் பக்கத்தில் வைத்து நீளத்தையும் திருப்பத்தையும் ஒப்பிடலாம். பிறகு ஒரு சாதாரண எக்ஸ்ரே.

தியேட்டரில் ஒரு மணி நேர வேலை. வீட்டில் மூன்று நான்கு மாத வேலை. சட்டகம் தோற்பது பெரும்பாலும் வீட்டில்தான். ஆகவே இந்தப் பகுதியை எந்த வைத்தியரும் தாதியும் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது.

ஆணி நுழையும் இடத்தில் கொஞ்சம் தெளிந்த நீர் கசிவது வழமை. சிவந்து, நொந்து, மஞ்சளாக வந்தால் கிளினிக்குக்கு வரவேண்டும். கொதித்தாறிய நீரில் உப்புக் கலந்து, சுத்தமான துணியால் துடைத்து உலரவிடுவது போதும். தினமும் துடைப்பதா வாரத்தில் ஒரு நாளா, எந்தத் திரவம் என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. சுத்தமான கை எல்லா முறைக்கும் பொது. முறிவு எண்ணெய் ஊற்றவேண்டாம் என்று முதல் நாளிலேயே சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் யாராவது ஓர் உறவினர் போத்தலோடு வருவார். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பது காயம் ஆறிய பிறகு பரவாயில்லை, நன்றாகத் துடைத்து உலர்த்தினால். குளத்திலும் கடலிலும் இறங்கக்கூடாது.

உடை ஆண்களுக்குச் சிக்கலில்லை: சாரம் எந்தச் சட்டகத்துக்கும் மேலால் விழும். அலுவலகம் போகிறவர் காற்சட்டையின் ஓரத் தையலைப் பிரித்து ஒட்டுப்பட்டி தைத்துக்கொள்ளலாம். குந்தும் மலசலகூடம் பெரிய சிக்கல். நடுவில் துளையிட்ட ஒரு கதிரை அதைத் தீர்க்கும். இரவில் ஆணிமுனை மற்றக் காலைக் கீறாமல் இருக்க ஒவ்வொரு முனைக்கும் ஒரு சிறு இறப்பர்த் தொப்பி.

உணவில் கிரந்தி என்று ஒரு நம்பிக்கை: சில உணவுகள் புண்ணை ஆறவிடாது என்பார்கள். இறால், கணவாய், கத்தரிக்காய், அன்னாசி என்று பட்டியல் நீண்டு, கடைசியில் மீனும் முட்டையும்கூட நின்று, நோயாளி சோறும் ரசமுமாய் மெலிந்துபோவார். புண் ஆறவும் எலும்பு பொருந்தவும் புரதம் வேண்டும். பட்டியலோடு சண்டை போடுவதைவிட, வீட்டார் கிரந்தி என்று எண்ணாத மீனையும் பருப்பையும் பாலையும் கூட்டச் சொல்வது பலன் தரும். சுருட்டையும் சிகரட்டையும் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்கமுடியாது. புகைப்பவரின் எலும்பு பிந்திப் பொருந்தும். நீரிழிவு உள்ளவருக்குச் சீனியைக் கட்டுக்குள் வைத்திருப்பதே ஆணிக்கான முதல் மருந்து.

எல்லாரும் மறப்பது கணுக்கால். கம்பி போட்ட காலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தால் குதிநாண் சுருங்கி, பாதம் கீழ்நோக்கி நின்றுவிடும். எலும்பு நேராகப் பொருந்தியும் நுனிக்காலில் நொண்டுகிறவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள். ஒரு துவாயைப் பாதத்தில் மாட்டி, இரண்டு கையாலும் தன்பக்கம் இழுக்கும் பயிற்சியை நாளுக்குப் பலமுறை செய்தால் போதும். செலவு ஒன்றுமில்லை.

சட்டகத்திலேயே முடிவுவரை விடுவதா, வேறொன்றுக்கு மாறுவதா என்பது அடுத்த முடிவு. காயம் இரண்டு வாரத்துக்குள் சுத்தமாக மூடினால், ஆணிப்புண் இல்லாவிட்டால், எலும்பின் உட்குழாயில் தண்டு வைப்பது சிறந்த வழி. உடனுக்குடன் எக்ஸ்ரே காட்டும் இயந்திரம் இல்லாமலே இதைச் செய்ய அமெரிக்காவின் லூயிஸ் சேர்க்கிள் 1999இல் தொடங்கிய சைன் அமைப்பு ஏழை நாட்டு வைத்தியசாலைகளுக்குத் தண்டுகளை இலவசமாகக் கொடுத்துவருகிறது. இரண்டு வாரத்தைவிடப் பிந்தினால் ஆணித்துளையின் கிருமி எலும்புக்குள் போகும் ஆபத்து ஏறும். அப்போது சட்டகத்தைக் கழற்றிச் சார்மியென்ரோ முறைப்படி முழங்காலுக்குக் கீழ் பிளாஸ்டர் போட்டு நடக்கவிடுவது மலிவு, பயனும் அதிகம். எலும்பில் இடைவெளி விழுந்தவருக்குத்தான் இலிசரோவ் வளையம். எலும்பை அறுத்து நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம், நான்கு தடவையாகப் பிரித்து நகர்த்தும் நீண்ட சிகிச்சை அது. பொறுமையில்லாத நோயாளிக்கும் வைத்தியருக்கும் ஏற்றதல்ல.

காப்பாற்றமுடியாத காலும் உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் உருவாக்கிய புள்ளிக்கணக்கு தோல், எலும்பு, தசை, நோயாளியின் பொதுநிலை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புள்ளி தருகிறது. 14 வரை காலைக் காக்கலாம். 17உம் அதற்கு மேலும் என்றால் அகற்றுவது நல்லது. இடையில் உள்ளவை அனுபவத்துக்குரியவை. நம்மவரைப் போன்ற நோயாளிகளை வைத்துப் பிறந்த கணக்கு என்பதால் மேலைநாட்டுக் கணக்குகளைவிட இங்கே பொருந்தும். ஒரு வருடம் ஆறு சத்திரசிகிச்சை செய்து, கடைசியில் அழுகிய காலை அகற்றுவது எந்தக் குடும்பத்துக்கும் மலிவானதல்ல. யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தில் பொருத்திய செயற்கைக் காலோடு சைக்கிள் மிதிப்பவர்களும் தோட்டம் செய்பவர்களும் ஏராளம்.

எக்ஸ்ரேயில் மூன்று பக்கமாவது புது எலும்பு தெரிந்து, தண்டைத் தளர்த்திக் காலை ஊன்றும்போது நோகாவிட்டால் சட்டகத்தைக் கழற்றலாம். பெரும்பாலானவர்களுக்கு மயக்கமருந்து தேவையில்லை. கிளினிக்கிலேயே ஸ்பானரால் பிடிகளைத் தளர்த்தி ஆணிகளைப் பின்பக்கமாகத் திருகி எடுத்துவிடலாம். துளைகளைத் தைக்கக்கூடாது, ஒன்றிரண்டு வாரத்தில் தாமாக மூடும். எலும்பில் துளை நிரம்ப அதைவிடக் காலம் எடுக்கும். ஆகவே கம்பி எடுத்து ஆறு வாரத்துக்காவது பாரம் தூக்குவதும், பந்தடிப்பதும், மரம் ஏறுவதும் கூடாது.